ஏட்டில் ஏறாத நடை

மாத்தளை,
புதன்கிழமை

அன்புள்ள நண்பருக்கு,

"பத்திரிகை வேலை ஓய்ந்துவிட்டது, இனி என்னத்தை எழுதுவது?" என்று போன கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். எனக்கும் அதே கேள்விதான். வியாழனுக்குள் கதை கொடுத்தாக வேண்டும் என்றிருந்த காலத்தில், வேலை முடிந்து வந்த களைப்பிலும் கதை வந்தது. இப்போது பொழுது முழுக்க நம் கையில். தேநீர், மருந்து, பிள்ளைகளின் தொலைபேசி அழைப்பு என்று அது கரைந்துபோகிறது. மாத்தளைக்கு வந்தபின் இதற்கு ஒரு பதில் கிடைத்திருக்கிறது.

கண்டியிலிருந்து ரயிலில் வந்தேன். 1880இல் போட்ட பாதை இந்த ஊரோடு முடிகிறது. முத்துமாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு, மறுநாள் காலை தம்புள்ளை வீதியில் இருக்கும் அலுவிகாரைக்குப் போனேன். பெரும்பாறைகளுக்கு நடுவே குகைகள். கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமினி அபயன் காலத்தில், திரிபிடகம் இங்கேதான் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்டது என்பது பௌத்த மரபு. அதுவரை அத்தனையும் பிக்குகளின் மனப்பாடத்தில் இருந்தது. படையெடுப்பும் கொடும் பஞ்சமும் வந்து, மனப்பாடமாய் அறிந்தவர்கள் ஒவ்வொருவராய்ச் செத்துக்கொண்டிருந்தபோது, இனியும் நினைவை மட்டும் நம்பியிருக்க முடியாது என்று எழுத உட்கார்ந்தார்கள்.

ஏடு எழுதுவதையும் அங்கே காட்டுகிறார்கள். தாளிப்பனை ஓலையை அவித்து, உலர்த்தி, மெருகேற்றி எழுத்தாணியால் கீறுகிறார்கள். கீறும்போது எழுத்து சரியாகத் தெரிவதில்லை. கரியும் எண்ணெயும் கலந்த மையைப் பூசித் துடைத்த பிறகுதான் கறுப்பாய்த் துலங்குகிறது. 1848 மாத்தளைக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கியபோது இங்கிருந்த ஏட்டுச் சேமிப்பு அழிந்தது. பின்னால் வந்தவர்கள் மறுபடி ஓலை சீவி எழுதினார்கள்.

படியிறங்கி வந்து வீதியோரம் நின்றபோது மனம் வேறொரு பக்கம் போயிற்று. நம்முடைய மலையக மக்களின் முன்னோர் ஏறக்குறைய இதே தடத்தில்தான் நடந்து வந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை வந்து, மாத்தளையை அடைந்து, கோப்பித் தோட்டங்களுக்குப் பிரிந்து போனார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். அவர்களைப் பற்றி அன்று எழுதிவைத்தவை பெரும்பாலும் ஆள்கணக்கும் கடன்கணக்கும்தான். திரிபிடகம் ஏட்டில் ஏறிய பாறைக்குக் கீழேயே, ஒரு சனத்தின் கதை எழுதப்படாமல் நடந்து போயிருக்கிறது. 2023இல், அவர்கள் வந்து இருநூறு ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் மறுபடி நடந்தார்களே, அந்த நடையின் நியாயம் இங்கே நிற்கும்போதுதான் எனக்கு முழுதாக விளங்கிற்று.

மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன், மலரன்பன் என்று இந்த மண் தந்த எழுத்தாளர்கள் தோட்டத்து வாழ்வைக் கதையாக்கினார்கள். சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் கவிதை எழுதிப் பெயர் பெற்றவர். அவரே மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தும் வைத்தார். மற்றவர் வாயில் கிடந்த பாட்டை எழுதிவைத்ததால் அவருடைய படைப்புத்திறன் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

நேற்று எல்கடுவப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனேன். லயத்து வாசலில் இருந்த ஒரு மூதாட்டி, தன் அம்மாயி சொன்ன ஒப்பாரியைப் பாடிக் காட்டினார். முன்பு எழவு வீட்டில் விடியவிடியப் பாடுவார்களாம். இப்போது பேரப்பிள்ளைகள் கொழும்பில் கடைகளில் வேலை செய்கிறார்கள், கேட்க ஆளில்லை என்றார். பிள்ளைகள் மலையை விட்டுப் போவதில் எனக்கு வருத்தமில்லை. நல்ல சம்பளத்துக்கும் நல்ல வீட்டுக்கும் அவர்கள் போகத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பாட்டு மூதாட்டியோடு போய்விடக் கூடாது. அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். எழுத எழுதக் கை பழைய வேகத்துக்கு வந்தது.

ஆகவே, நண்பரே, நம் வயதில் புதிதாகக் கற்பனை ஊற வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். நமக்கு மட்டுமே தெரிந்தது எது, நம்மோடு போய்விடக்கூடியது எது என்று கேட்டுப் பார்த்தால் எழுத வேண்டியது எதிரே வந்து நிற்கும். நான் காலைப் பொழுதை இதற்கென்று ஒதுக்கிவிட்டேன். கடிதங்களும் வீட்டுவேலையும் மத்தியானத்துக்கு மேல்தான்.

உங்களிடம் இருப்பது அச்சகத்து வாழ்வு. ஈய எழுத்தைக் கையால் கோத்த அந்த இரவுகள், மெய்ப்புத் திருத்தும்போது நடந்த வாதங்கள், எழுத்துக்கோத்த பெண்களின் பாடுகள். அதை அறிந்தவர்களில் எத்தனை பேர் இன்று மிச்சம்? நாளைக் காலையே தொடங்குங்கள். நடை, உத்தி எல்லாம் பிறகு பார்க்கலாம். நான் ஊர் திரும்புவதற்குள் முதல் அத்தியாயம் என் மேசைக்கு வந்துவிட வேண்டும். ஒப்பாரிப் பிரதியை நானும் உங்களுக்கு அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்