உலக அழகிப் போட்டியும் எங்கள் மதிப்பெண் ஏடும்

"அகத்தின் அழகு முகத்தில் தெரியும்" என்பது பழமொழி. பேச்சுப் போட்டி மேடைகளில் இதை நாங்கள் எத்தனையோ முறை முழங்கியிருக்கிறோம். ஆனால் முகத்தைப் பார்த்தே அகத்தை அளந்துவிடலாம் என்று அதற்குத் தவறாகப் பொருள் கொண்டு நாங்கள் நடந்துகொண்ட கதையை இங்கே எழுதத் துணிகிறோம். படிக்கும் தோழியர் எங்களைப் பார்த்து நகைத்தாலும் சரியே. நகைத்த பிறகு சற்றே சிந்தித்தால் அதுவே எங்களுக்குப் போதும்.

2025ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் நாள், சனிக்கிழமை. கோடை விடுமுறை முடியும் தறுவாய். எங்களுள் ஒருத்தியின் வீட்டுக் கூடத்தில் நாங்கள் நால்வரும் கூடியிருந்தோம். ஐதராபாத் நகரில் 72ஆவது உலக அழகிப் போட்டியின் இறுதிச் சுற்று அன்றுதான் நடைபெற்றது. தட்டு நிறைய முறுக்கும், மனம் நிறைய ஆவலுமாய் அதைக் காணக் காத்திருந்தோம்.

வெறுமனே பார்த்துக்கொண்டிருக்க எங்களுக்குப் பொறுக்குமா? நாங்களும் நடுவர்களாகிவிட்டோம்! கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் அளவுகோல் வைத்துக் கட்டம் போட்டோம். நிறம், உயரம், கூந்தல், சிரிப்பு, நடை என ஐந்து தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் 10 மதிப்பெண், மொத்தம் 50. பொதுத் தேர்வு விடைத்தாளைத் திருத்தும் ஆசிரியையரைப் போல முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு மதிப்பெண்களை இட்டோம்.

மூலையில் அமர்ந்து செபமாலை உருட்டிக்கொண்டிருந்த பாட்டி சிறிது நேரம் எங்களைக் கவனித்துவிட்டுச் சொன்னார்: "சந்தையில மாட்டுக்குப் பல்லப் புடிச்சுப் பாத்து வெல சொல்ற மாதிரியில்ல இருக்கு நீங்க பண்றது! அந்தப் பொண்ணுங்களப் பெத்தவ இங்க இருந்தா என்னடி சொல்லுவா?"

நாங்கள் சிரித்தோம். பாட்டிக்கு என்ன தெரியும் என்பது எங்கள் எண்ணம்.

அழகிகள் வரிசையாக மேடைக்கு வருவார்கள்; நடுவர்கள் பார்ப்பார்கள்; ஒருவருக்கு முடி சூட்டுவார்கள். போட்டி என்றால் இவ்வளவுதான் என்றே நாங்கள் அதுவரை எண்ணியிருந்தோம். அது அவ்வாறில்லை. 108 மங்கையர் ஏறத்தாழ ஒரு மாத காலம் நம் நாட்டில் தங்கிப் போட்டியிட்டிருக்கிறார்கள். விளையாட்டில் ஒரு போட்டி, ஆடல் பாடல் முதலிய தனித்திறனில் ஒரு போட்டி, மேடை நடையில் ஒன்று, சமூக ஊடகத்தில் ஒன்று, நேருக்கு நேர் பேசும் உரையாடலில் ஒன்று. இவற்றோடு தத்தம் நாட்டில் செய்துவரும் தொண்டுப் பணிக்கும் ஒரு போட்டி உண்டு. இவற்றில் வெல்பவர்கள் நேராக 40 பேர் சுற்றுக்குச் சென்றுவிடுவார்கள். உலகை நான்கு பகுதிகளாகப் பிரித்து ஒரு பகுதிக்கு 10 பேர். அவர்களிலிருந்து பகுதிக்கு 5 பேர், பிறகு 2 பேர், பிறகு ஒரே ஒருவர். 108 பேர் 40 ஆகி, 20 ஆகி, 8 ஆகி, கடைசியில் நால்வராக நிற்கும்போது கேள்விகள் கேட்கிறார்கள். அந்த விடையிலேதான் மணிமுடி இருக்கிறது.

அன்று முடி சூடியவர் தாய்லாந்து நாட்டின் ஒப்பல் சுசாதா. 16 வயதில் தம் மார்பகத்தில் தோன்றிய ஒரு கட்டியை அறுவை சிகிச்சையால் அகற்றிக்கொண்டவர் அவர். அந்த அச்சத்தை அறிந்தவராதலால் மார்பகப் புற்றுநோய் பற்றிய விழிப்புணர்வைத் தம் தொண்டாக ஏற்றிருக்கிறார். இரண்டாம் இடம் பெற்றவர் எத்தியோப்பியாவின் ஹாசெட் டெரெஜெ.

எங்கள் ஏட்டைப் புரட்டினோம். எத்தியோப்பியப் பெண்ணுக்கு 'நிறம்' என்ற கட்டத்தில் நாங்கள் இட்டிருந்த மதிப்பெண் 4. எங்களிடம் பொறுப்பைக் கொடுத்திருந்தால் அவர் நாற்பதிலேயே வந்திருக்க மாட்டார்! "நடுவர்களுக்குக் கண் சரியில்லைடி" என்று சொல்லிக் கலைந்தோம்.

பள்ளி திறந்தது. எங்கள் ஏட்டின் புகழ் வகுப்பெங்கும் பரவி, இடைவேளையில் பலரும் அதைச் சுற்றிக் கூடியிருந்தபோது தலைமையாசிரியை சிஸ்டர் வந்துவிட்டார். எங்கள் கைகால்கள் நடுங்கின. ஆனால் சிஸ்டர் கடிந்துகொள்ளவில்லை. பக்கங்களை நிதானமாகப் புரட்டினார்.

"இந்தப் போட்டி எப்படித் தொடங்கிச்சுன்னு தெரியுமா?" என்றார்.

"தெரியாது சிஸ்டர்."

"தெரியாத தேர்வுக்கு மார்க் போட்டிருக்கீங்க. நூலகத்துக்குப் போய்த் தெரிஞ்சுக்கிட்டு வந்து நீதிபோதனை வகுப்புல சொல்லுங்க. அதுவரைக்கும் நோட்டு என்கிட்ட இருக்கட்டும்."

இவ்வாறு தண்டனையாகத் தொடங்கிய தேடல் எங்களை வியப்பில் ஆழ்த்தியது.

உலக அழகிப் போட்டி 1951இல் லண்டனில் பிறந்தது. பிரிட்டன் விழாவையொட்டி எரிக் மோர்லி என்பவர் நடத்திய நீச்சலுடைப் போட்டியே அதன் தொடக்கம். முதலில் வென்றவர் சுவீடன் நாட்டின் கிக்கி ஹாக்கன்சன். அந்நாளில் போட்டியாளரின் உடல் அளவுகளைச் செய்தித்தாள்கள் அச்சிட்டன என்று படித்தபோது பாட்டி சொன்ன மாட்டுச் சந்தை எங்கள் நினைவுக்கு வந்தது.

அடுத்த ஆண்டில், 1952இல், அமெரிக்காவில் பிரபஞ்ச அழகிப் போட்டி தோன்றியது. அதன் பின்னணி சுவையானது. 1951ஆம் ஆண்டுக்குரிய அமெரிக்க அழகியான யோலாண்ட் பெட்பீஸ், முடி சூடிய பிறகு நீச்சலுடையில் விளம்பரத்துக்கு நிற்க மாட்டேன் என்று உறுதியாக மறுத்துவிட்டார். சினம் கொண்ட நீச்சலுடை நிறுவனம் அந்தப் போட்டியைக் கைவிட்டுத் தனக்கென்று புதுப் போட்டிகளை உண்டாக்கிக்கொண்டது. 'மாட்டேன்' என்று சொன்ன அந்தப் பெண் அலபாமா மாநிலத்தில் கன்னியர் மடத்துப் பள்ளியில் பயின்றவர்! இதை வகுப்பில் வாசித்தபோது எழுந்த கைதட்டல் அடங்க நெடுநேரமாயிற்று. பின்னாளில் அவர் கறுப்பின மக்களின் உரிமைக்கான போராட்டங்களிலும் கலந்துகொண்டார்.

1966இல் ஆசியாவின் முதல் உலக அழகியாக முடி சூடியவர் நம் நாட்டின் ரீட்டா ஃபரியா. கோவாவைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்து, பம்பாயில் மருத்துவம் பயின்றுகொண்டிருந்த மாணவி. இரவல் வாங்கிய உடைகளோடு லண்டனுக்குச் சென்றவர் அவர். ஓராண்டுக் கடமை முடிந்ததும் விளம்பர உலகின் அழைப்புகளை விலக்கிவிட்டு, மருத்துவப் படிப்பை முடித்து, அயர்லாந்தின் டப்ளின் நகரில் மருத்துவராக வாழ்ந்தார். மணிமுடியை ஓராண்டிலும் மருத்துவத்தை வாழ்நாளிலும் வைத்த அவரது கணக்கு எங்களுக்குப் பிடித்தது.

எங்களை அதிகமாகக் குழப்பியது 1970ஆம் ஆண்டு. லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் போட்டி நடந்துகொண்டிருந்தபோது, பெண் விடுதலை இயக்கத்தினர் பார்வையாளர்களிடையே இருந்து எழுந்து, மாவுப் பொட்டலங்களையும் துண்டறிக்கைகளையும் வீசி, பெண்களைச் சந்தைப் பொருளாக்காதே என்று முழக்கமிட்டனர். அதே இரவில்தான் கிரெனடா நாட்டின் ஜெனிஃபர் ஹோஸ்டன் உலக அழகியாக முடி சூடினார். கறுப்பினப் பெண் ஒருவர் அம்முடியைப் பெற்றது அதுவே முதல் முறை. நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்கா வெள்ளையர் ஒருவரையும் வெள்ளையரல்லாத ஒருவரையும் தனித்தனியே அனுப்பியிருந்தது. அவர்களுள் வெள்ளையரல்லாத பேர்ல் ஜான்சன் இரண்டாம் இடம் பெற்றார். ஹோஸ்டன் பிற்காலத்தில் கனடாவில் தம் நாட்டின் தூதராகவும் பணியாற்றினார்.

இதில் யார் பக்கம் நியாயம்? வகுப்பு இரண்டாகப் பிளந்தது. பெண்ணை நிறுத்துவைத்து எடை போடுவதே இழிவு என்றது ஒரு பக்கம். காலமெல்லாம் 'உனக்கு அழகில்லை' என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு அந்த மணிமுடி ஒரு விடுதலையல்லவா என்றது மறு பக்கம். மணியடித்தும் தீர்ப்பு வரவில்லை. சிஸ்டரும் தீர்ப்புச் சொல்லவில்லை.

1996இல் பெங்களூரில் போட்டி நடந்தபோது எழுந்த எதிர்ப்பையும் படித்தோம். நீச்சலுடைச் சுற்றைக் கடல் கடந்து செஷல்ஸ் தீவுகளுக்கு மாற்ற நேர்ந்தது. நம் மதுரையில் ஓர் இளைஞர் எதிர்ப்பைக் காட்டத் தமக்குத் தாமே தீ வைத்துக்கொண்டு உயிர் துறந்தார். ஓர் அழகிப் போட்டிக்காக ஓர் உயிரா என்று வகுப்பே மௌனமாயிற்று. 2015 முதல் உலக அழகிப் போட்டியில் நீச்சலுடைச் சுற்றே இல்லை. விதிகள் மனிதர் வகுத்தவை. ஆகவே மனிதரால் மாற்றக் கூடியவை என்று எங்கள் கட்டுரையை முடித்தோம். சிஸ்டர் பாராட்டி நோட்டைத் திருப்பித் தந்தார். எல்லாம் கற்றுவிட்டோம் என்ற பெருமிதத்தில் மிதந்தோம்.

டிசம்பர் மாதம் வந்தது. கிறிஸ்து பிறப்பு நாடகத்துக்கு நடிகரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு எங்கள் நால்வருக்கும் கிடைத்தது. மாதா வேடத்துக்குப் பலர் பெயர் கொடுத்திருந்தனர். ஐந்தே நிமிடத்தில் முடிவு செய்துவிட்டோம். பட்டியலைப் பலகையில் ஒட்டிய அன்று மாலை, எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி எங்களிடம் வந்தாள். (பெயரை எழுத வேண்டாம் என்று அவளே கேட்டுக்கொண்டாள்.) நன்றாகப் பாடுவாள், வசனத்தை ஒரு முறை கேட்டால் மறக்க மாட்டாள். ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் அவளுக்கு இடையன் வேடம்தான். இம்முறையும் அதையே கொடுத்திருந்தோம்.

அவள் அழவில்லை. சண்டையிடவில்லை. "ஒண்ணு மட்டும் கேட்கணும். உங்க நோட்டுல நிறம்னு ஒரு கட்டம் போட்டிருந்தீங்களே, இதுக்கும் அந்தக் கட்டம் உண்டா?" என்று கேட்டுவிட்டுப் பைக்கட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஜெனிஃபர் ஹோஸ்டனைப் பற்றிக் கைதட்டல் வாங்கியவர்கள் நாங்கள்! மாதாவுக்குச் சிவந்த பெண்ணே வேண்டும் என்று எங்களுள் எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே நால்வரும் ஒரே பெயரைத்தான் எழுதினோம். லண்டன் நடுவர்களையாவது மாவு வீசி எழுப்பினார்கள். எங்களை எழுப்ப அவளுடைய ஒரு கேள்வி தேவைப்பட்டது.

மறுநாள் சிஸ்டரிடம் சென்று உள்ளதை உள்ளபடி ஒப்புக்கொண்டோம். பாவசங்கீர்த்தனம் செய்வதுபோல் இருந்தது. சிஸ்டர் சுவரிலிருந்த மாதா படத்தைப் பார்த்தார். "இந்தப் படம் காலண்டர்க்காரங்க வரைஞ்சது. நாசரேத்துல வெயில்ல தண்ணி சுமந்த ஏழை வீட்டுப் பொண்ணு எந்த நிறத்துல இருந்திருப்பா? யோசிங்க. முடிச்சுப் போட்டது நீங்க, நீங்களே அவிழுங்க" என்றார்.

அவிழ்ப்பது எளிதாக இல்லை. முன்பு தேர்வானவளின் அம்மா நீல முக்காடு தைத்தே முடித்திருந்தார். அவளிடம் சொன்னபோது அவள் கண் கலங்கினாள், "நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்றாள். அவளிடமும் மன்னிப்புக் கேட்டோம். நாங்கள் செய்த ஒரு பிழை இருவரைச் சுட்டது.

புது விதி வகுத்தோம். மேடைத் திரையை இறக்கிவிட்டோம். விரும்பியவர்கள் எல்லாரும் திரைக்குப் பின் நின்று மாதாவின் வசனத்தைப் பேச வேண்டும். பெயர் கிடையாது, சீட்டு எண் மட்டுமே. வகுப்பு முழுவதும் வாக்களிக்கும். எங்கள் தோழிதான் வெல்வாள் என்று மனத்துக்குள் வேண்டிக்கொண்டோம். அவள் வென்றால் எங்கள் குற்றம் தீர்ந்துவிடும் அல்லவா?

ஆனால் வென்றது 7ஆம் எண். திரையை விலக்கியபோது அங்கே நின்றவள் எட்டாம் வகுப்பு விடுதி மாணவி. வகுப்பில் வாய் திறந்தே எவரும் பார்த்திராதவள்! எங்கள் தோழி இரண்டாமவளாக வந்து, வானதூதர் கபிரியேல் வேடத்தைத் தேர்ந்துகொண்டாள். "வானதூதர் என்ன நிறம்னு எங்கேயாவது எழுதியிருக்காடி?" என்று கேட்டுச் சிரித்தாள். அவளிடம் தனியே மன்னிப்புக் கேட்டோம். "சரி, விடுங்க" என்றாள். உடனே மறந்துவிட்டாள் என்று நாங்கள் எண்ணவில்லை.

அன்று நாங்கள் இரண்டு உண்மைகளைக் கற்றோம். நிறத்தைக் கண்டு ஒருத்தியை ஒதுக்கியது முதல் பிழை. எங்கள் மனச்சுமை இறங்க அவளே வெல்ல வேண்டும் என்று விரும்பியது இரண்டாம் பிழை. இரண்டிலும் அவளை நாங்கள் சரியாகப் பார்க்கவேயில்லை.

விழா நாளன்று எட்டாம் வகுப்புச் சிறுமி மேடையேறினாள். தலையில் அந்த நீல முக்காடு. அதை அவளுக்குக் கொண்டுவந்து கொடுத்து, ஊசி குத்திச் சரிசெய்து அனுப்பியவள் முதலில் தேர்வாகி விலகியவளே. வானதூதரின் குரல் அரங்கத்தின் கடைசி வரிசை வரை கேட்டது.

அன்புத் தோழியரே! உலக அழகிப் போட்டி நல்லதா தீயதா என்னும் வழக்கு இன்னும் எங்கள் வகுப்பில் தீரவில்லை. ஆனால் நடுவர்கள் தொலைதூர மேடைகளில் மட்டும் அமர்ந்திருப்பதில்லை என்பதை அறிந்துகொண்டோம். கணக்கு நோட்டின் அந்தக் கடைசிப் பக்கங்களை நாங்கள் கிழிக்கவில்லை. பாதுகாத்து வைத்திருக்கிறோம், அடுத்து எவருக்கேனும் மதிப்பெண் இட எங்கள் கை நீளும்போது எடுத்துப் பார்ப்பதற்காக.