தட்டையான காஞ்சியில் 24 படிகள்

காஞ்சிபுரத்துக்கு விமான நிலையம் இல்லை. பரந்தூர் வரும்போது வரட்டும். இப்போதைக்குச் சென்னையில் இறங்கி, சுமார் 60 கி.மீ. போக வேண்டும். மூட்டை முடிச்சு குறைவென்றால் ரயிலே போதும். விமான நிலையத்துக்கு எதிரிலேயே திரிசூலம் ஸ்டேஷன். செங்கல்பட்டு வழியாகக் காஞ்சி போகும் மின்சார ரயில்கள் நாளுக்குச் சிலதான், நேரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊர் தட்டை. ஏகாம்பரநாதர், காமாட்சி அம்மன் கோயில்கள் பெரிய காஞ்சிபுரத்தில். வரதராஜர் சின்ன காஞ்சிபுரத்தில். நடுவே ஷேர் ஆட்டோ. ஏறுவதென்றால் வரதராஜரிடம்தான். அவர் நிற்பது அத்திகிரி என்னும் குன்றின் மேல், 24 படிகள். முழங்கால் வலி உள்ள பாட்டி, தாத்தாவைக் காலையிலேயே, பிரகாரக் கல் சுடுவதற்குள் அங்கே அழைத்துப் போய்விடுங்கள்.

மதியம் நடை சாத்தினால் 4 மணிக்குத்தான் திறப்பார்கள். அதற்குள் பட்டு. ஆட்டோக்காரர் காட்டும் கடைக்கு முன், பிள்ளையார்பாளையம் தெருக்களில் ஒரு நடை போங்கள். வீட்டுக்குள்ளிருந்து தறிச் சத்தம் கேட்கும். உடலையும் கரையையும் மூன்று நாடா போட்டுக் கோர்வையாக இணைப்பதைக் கண்ணால் பார்த்தால் விலை பேசவே கூச்சமாக இருக்கும்.

மாலையில் கைலாசநாதர். 8-ம் நூற்றாண்டில் ராஜசிம்ம பல்லவன் கட்டிய மணற்கல் கோயில், கூட்டமும் குறைவு. கருவறையைச் சுற்றும் குறுகிய வழியில் தவழ்ந்துதான் நுழைய வேண்டும். அதைப் பேரப்பிள்ளைகளுக்கு விட்டுவிடலாம்.