ஆண்டுச் சீட்டும் அளவுகோலும்



சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் நடந்த ஒரு சிறு ஆலோசனையைப் பற்றி எழுத விரும்புகிறேன். பணத்தைப் பற்றியதாகத் தொடங்கிய அந்தப் பேச்சு, நான் எதிர்பாராத ஓர் இடத்தில் போய் முடிந்தது. பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோருக்கு இதில் ஏதேனும் பயன் இருக்கலாம் என்பதால் பகிர்ந்துகொள்கிறேன்.

நாட்றம்பள்ளியில் வாழும் எங்களுக்குக் கேளிக்கைப் பூங்கா என்றால் இரண்டு திசைகள்தாம். கிழக்கே சென்னை, 200 கிலோமீட்டருக்கு மேல். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வி.ஜி.பி., எம்.ஜி.எம். போன்ற பழைய பூங்காக்கள் அங்கே உள்ளன. மேற்கே கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் பெங்களூரைச் சுற்றிக்கொண்டு சென்றால் மைசூர் சாலையில் பிடதி. 2005ஆம் ஆண்டு முதல் வொண்டர்லா அங்கே இயங்கி வருகிறது. அதுவும் ஏறத்தாழ 150 கிலோமீட்டர். எந்தப் பக்கம் போனாலும் ஃபஜ்ரு தொழுததும் புறப்பட்டு, இஷாவுக்குப் பிறகே வீடு திரும்ப முடியும்.

இவற்றைப் போன்ற ஒரு பூங்காவுக்கு முந்தைய ஆண்டு குடும்பத்துடன் ஒருமுறை சென்று வந்திருந்தோம். பிறகு அத்தகைய பூங்கா ஒன்றின் ஆண்டுச் சீட்டு குறித்த விளம்பரம் என் தம்பியின் கைபேசிக்கு வந்தது. ஒருமுறை பணம் கட்டினால் ஓராண்டுக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் வரலாம் என்பது அதன் சாரம். அதன் விலை ஒரு நாள் சீட்டின் விலையைப் போல மூன்றரை மடங்கு. தம்பி அதை என் மகனிடம் காட்டிவிட்டார். அவ்வளவுதான்; வீடு முழுவதும் அதே பேச்சு.

தம்பிக்கு ஆண்டுச் சீட்டின் மீது நம்பிக்கை வந்ததற்குக் காரணம் உண்டு. 2025 ஆகஸ்ட் 15 அன்று தேசிய நெடுஞ்சாலைகளில் ஃபாஸ்டேக் ஆண்டுச் சீட்டு நடைமுறைக்கு வந்தது. தொடங்கியபோது அதன் கட்டணம் 3,000 ரூபாய். சொந்தப் பயன்பாட்டுக் கார்களுக்கு 200 முறை சுங்கச்சாவடியைக் கடக்கும் உரிமை, அல்லது ஓராண்டு, இவற்றில் எது முதலில் முடிகிறதோ அதுவரை. கணக்கிட்டால் ஒரு கடப்புக்கு 15 ரூபாய். தோல் வணிகத்தின் நிமித்தம் தம்பி வாரம் ஒருமுறை ராணிப்பேட்டைக்குப் போய் வருபவர். வாணியம்பாடி, பள்ளிகொண்டா என இரண்டு சாவடிகள். போக வர நான்கு கடப்புகள். ஐம்பது வாரத்தில் இருநூறு சரியாகக் கணக்கு முடிந்துவிடுகிறது. “பாய், அதில் இவ்வளவு மிச்சமானது, இதிலும் ஆகும்” என்றார்.

நான் உடனே மறுக்கவில்லை. பிள்ளைகளின் விளையாட்டையும் மகிழ்ச்சியையும் மார்க்கம் தடுக்கவில்லை. பெருநாளன்று அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாட்டு நடத்தியபோது நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களை அதைப் பார்க்கச் செய்தார்கள். ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயமும் ஓடியிருக்கிறார்கள். மத்ரஸாவில் இவற்றைக் கற்பிக்கும் நான், என் வீட்டில் மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டிருப்பது நியாயமாகாது.

சீட்டின் சட்டநிலை குறித்துத் தம்பிக்கு ஓர் ஐயம் இருந்தது. எத்தனை முறை போவோம் என்று தெரியாமல் பணம் கொடுப்பது ‘கரர்’ எனப்படும் நிச்சயமின்மை ஆகாதா என்று கேட்டார். எனக்குத் தெரிந்த அளவில் இது வாடகை ஒப்பந்தமாகிய ‘இஜாரா’வைச் சார்ந்தது. விலை தெளிவு, காலம் தெளிவு, கிடைக்கும் பயன் இன்னதென்பதும் தெளிவு. ஓராண்டுக்கு ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துச் சாவியையும் பெற்றுக்கொண்டவர், அதைப் பூட்டி வைத்துவிட்டு வெளியூர் போனாலும் வாடகை கடமைதான். பயன்படுத்தும் வாய்ப்பை உரிமையாளர் தந்துவிட்டால் போதும். பயன்படுத்தாதது நம் பொறுப்பு. எனவே வாங்குவது கூடும். ஆனால் கூடும் என்பது வேறு, தேவை என்பது வேறு. வீண்விரயம் எனும் இஸ்ராஃபின் கேள்வி அதன் பிறகே தொடங்குகிறது. செலவில் அளவு கடக்காமலும் கஞ்சத்தனம் செய்யாமலும் நடுவில் நிற்போரை அல்குர்ஆன் 25ஆம் அத்தியாயம் 67ஆம் வசனம் புகழ்கிறது. அந்த நடுவிடம் எது என்பதைத்தான் நாம் கண்டறிய வேண்டியிருந்தது.

அன்று இரவு பிள்ளைகளையும் உட்கார வைத்துக் கணக்குப் போட்டோம். விலைகள் மாறக்கூடியவை, ஆதலால் ஒரு நாள் சீட்டின் விலையை ஒரு பங்கு என வைத்துக்கொண்டோம். முந்தைய பயணத்தில் எரிபொருள், சுங்கம், உணவு ஆகியவற்றுக்கு ஆளுக்கு ஏறக்குறைய அரைப் பங்கு செலவாகியிருந்தது. ஆண்டுச் சீட்டு இவற்றில் எதையும் குறைக்காது. ஒருமுறை மட்டும் சாதாரணச் சீட்டில் போனால் ஆளுக்கு ஒன்றரைப் பங்கு. ஆண்டுச் சீட்டு வாங்கி நான்கு முறை போனால் சீட்டுக்கு மூன்றரை, வழிச்செலவுக்கு இரண்டு, ஆக ஐந்தரை. சீட்டு இல்லாமல் நான்கு முறை போனால் ஆறு. அரைப் பங்கு மிச்சம் என்பது உண்மைதான். ஆனால் அந்த அரைப் பங்கை மிச்சப்படுத்த, ஒருமுறை போவதைவிட நான்கு பங்கு கூடுதலாகச் செலவழித்திருப்போம்.

அடுத்து நாட்களை எண்ணினோம். பள்ளிக்கூடத்துக்கு ஞாயிறு விடுமுறை. மத்ரஸாவில் அன்றுதான் பிள்ளைகள் மிகுதி. மத்ரஸாவுக்கு வெள்ளி விடுமுறை. அன்று பள்ளிக்கூடம் உண்டு, ஜும்ஆவும் உண்டு. ரமளான் மாதம் கணக்கில் வராது. தேர்வு மாதங்களும் அப்படியே. காலாண்டு, அரையாண்டு, கோடை விடுமுறைகளில் உறவினர் திருமணங்கள் காத்திருக்கும். எல்லாவற்றையும் கழித்தபின் குடும்பம் முழுவதும் சேர்ந்து புறப்படக்கூடிய நாட்கள் இரண்டே தேறின. அவையும் கூட்டம் நிரம்பி வழியும் பெருநாள் விடுமுறை நாட்கள். சில பூங்காக்கள் ஆண்டுச் சீட்டுக்கு இத்தகைய நாட்களில் அனுமதி தருவதில்லை.

தம்பியின் ஃபாஸ்டேக் சீட்டுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் விளங்கியது. அவர் ராணிப்பேட்டைக்கு எப்படியும் போகிறவர். சீட்டு அவருடைய வழக்கமான செலவைக் குறைத்தது. பூங்காச் சீட்டோ நாம் வழக்கமாகச் செய்யாத ஒரு பயணத்தைச் செய்யத் தூண்டி, அதன் பிறகு மிச்சக் கணக்கைக் காட்டுகிறது. பூங்கா நடத்துவோரை இதற்காகக் குறை கூறுவதற்கில்லை. கூட்டமில்லாத நாளில் இன்னொருவர் வந்து ஊஞ்சலில் ஏறுவதால் அவர்களுக்குப் பெரிய செலவில்லை. வருபவர் உள்ளே உணவு வாங்குவார். பணம் முன்கூட்டியே கைக்கு வந்துவிடும். அமெரிக்காவில் 1955இல் திறக்கப்பட்ட டிஸ்னிலாண்டில்கூட ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனிச் சீட்டு கிழித்துக் கொடுக்கும் முறை 1982 வரை இருந்தது. அதன் பிறகே ஒரே கட்டணத்தில் எல்லாம் என்று ஆனது. அது நேர்மையான வணிகம். நம் பக்கத்துக் கணக்கை நேர்மையாகப் போட வேண்டியது நாம்தான்.

இந்த இடத்தில் தம்பி ஒரு யோசனை சொன்னார். அவருடைய மகனும் என் மகனும் கிட்டத்தட்ட ஒரே வயது, ஒரே சாயல். “ஒரே சீட்டு வாங்கினால் போதும் பாய். படத்தை யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள்? ஒருமுறை இவன், மறுமுறை அவன். நாள் பற்றாக்குறையும் தீர்ந்துவிடும்” என்றார். கேலியாகச் சொன்னாரா, உண்மையாகச் சொன்னாரா என்று தெரியவில்லை.

நான் ஆசிரியருக்குரிய குரலில் பேசத் தொடங்கினேன். சீட்டு ஒருவர் பெயரில் கொடுக்கப்படுகிறது. அந்த நிபந்தனையை ஏற்றுத்தான் வாங்குகிறோம். அதை மீறுவது ஏமாற்று என்றேன். அப்போது என் மகன் மெதுவாகக் கேட்டான்: “அப்பா, போன தடவை நீங்கள் என்னைத் தளர்ந்து நிற்கச் சொன்னீர்களே, அது என்ன?”

அறையில் பேச்சு நின்றுவிட்டது.

அவன் சொன்னது உண்மை. முந்தைய பயணத்தில் நுழைவாயிலில் உயரம் அளக்கும் கோல் இருந்தது. குறிப்பிட்ட உயரத்துக்குள் இருந்தால் குழந்தைச் சீட்டு, தாண்டினால் பெரியவர் சீட்டு. என் மகன் அந்த ஆண்டுதான் வேகமாக வளர்ந்திருந்தான். கோட்டைச் சற்றே தாண்டுவான் என்பது எனக்குத் தெரியும். வரிசையில் நிற்கும்போது அவன் தோளில் கைவைத்து, “கொஞ்சம் தளர்ந்து நில், மகனே” என்று சொன்னேன். முழங்காலை மடக்கு என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை, அவன் புரிந்துகொண்டான். குழந்தைச் சீட்டு கிடைத்தது. சில நூறு ரூபாய் மிச்சம். நான் அதை அன்றே மறந்துவிட்டேன்.

அவன் மறக்கவில்லை. அந்த மாதம் அவன் அல்குர்ஆனின் 83ஆம் அத்தியாயமாகிய ‘அல்முதஃப்ஃபிஃபீ’னை மனனம் செய்துகொண்டிருந்தான். தமக்கு அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கிக்கொண்டு, பிறருக்கு அளந்து கொடுக்கும்போது குறைப்பவர்களை எச்சரிக்கும் அத்தியாயம் அது. அதன் பொருளை அவனுக்கு விளக்கியவனும் நானே. எடைக்கல், மரக்கால், துணி அளக்கும் கோல், தோலின் சதுர அடி என்று நம்மூர் எடுத்துக்காட்டுகளையெல்லாம் அடுக்கியிருந்தேன். உயரம் அளக்கும் கோலை நான் சொல்லவில்லை. அதை அவன் தானே சேர்த்துக்கொண்டிருந்தான்.

ஏதேனும் விளக்கம் சொல்லித் தப்பியிருக்கலாம். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கு இது ஒரு பொருட்டா என்று கேட்டிருக்கலாம். ஆனால் உரிமையாளர் செல்வந்தர் என்பதால் அவருடைய உரிமை சிறுத்துவிடுவதில்லை என்பதும் நான் கற்பித்த பாடம்தான். “அது தவறு. நான் செய்த தவறு. உன்னையும் அதில் சேர்த்தது அதைவிடப் பெரிய தவறு” என்றேன். தம்பி தலைகுனிந்திருந்தார். அந்த யோசனையை அவர் மீண்டும் எடுக்கவில்லை.

தவ்பா என்பது நாவால் சொல்வதோடு முடிவதில்லை என்பதை நாம் அறிவோம். அல்லாஹ்வுக்கும் நமக்கும் இடைப்பட்ட பாவத்துக்கு வருந்துதலும் விலகுதலும் திரும்பச் செய்வதில்லை என்ற உறுதியும் போதும். மனிதரின் உரிமை கலந்திருந்தால் அதை உரியவரிடம் திருப்பிச் சேர்க்க வேண்டும். ஆகவே வீட்டில் இரண்டு முடிவுகள் எடுத்தோம். ஆண்டுச் சீட்டு வேண்டாம். அரையாண்டு விடுமுறையில் ஒரே ஒருமுறை, சாதாரணச் சீட்டில் போவது. முன்பு சென்ற அதே பூங்காவுக்கே போவது.

அவ்வாறே போனோம். மகன் அளவுகோலின் கீழ் குதிகால் ஒட்டி நிமிர்ந்து நின்றான். பெரியவர் சீட்டு வாங்கினேன். அதோடு ஒரு குழந்தைச் சீட்டைக் கூடுதலாக வாங்கி, யாரும் பயன்படுத்தாமல் பையில் வைத்துக்கொண்டேன். முந்தைய ஆண்டு நான் குறைத்துக் கொடுத்த தொகையைவிட அது சற்றுக் கூடுதல். கடன் தீர்ந்தது என்று நம்புகிறேன். அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக.

அன்றைய நாள் நல்லபடியாகக் கழிந்தது. நாங்கள் முஸாஃபிர்கள் ஆதலால் லுஹரையும் அஸரையும் அதனதன் நேரத்தில் இரண்டிரண்டு ரக்அத்களாகச் சுருக்கித் தொழுதோம். புல்தரையின் ஓரத்தில் விரிப்பை விரித்தபோது பிள்ளைகள் தாமாகவே வந்து ஸஃப்பில் நின்றார்கள். நீர் விளையாட்டுகளுக்கான உடை விதிகளை முன்பே கேட்டறிந்திருந்ததால், பெண்கள் தங்களுக்குப் பொருந்தியவற்றை மட்டும் தேர்ந்துகொண்டார்கள்; வாயிலில் வாதிட நேரவில்லை.

மிச்சமான பணத்தில் பெரிய சாதனை எதுவும் செய்யவில்லை. ஏலகிரி நமக்கு அண்மையில் இருக்கிறது; பதினான்கு கொண்டையூசி வளைவுகளைப் பிள்ளைகள் எண்ணிக்கொண்டே மேலேறினார்கள். பிறகொரு சனிக்கிழமை, ஆலங்காயம் வழியாகக் காவலூர் வானாய்வகத்துக்கு அழைத்துச் சென்றேன். வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்ட 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் அங்கே உள்ளது. இவ்வளவு பக்கத்தில் இருந்தும் அதுவரை நாங்கள் பார்த்ததில்லை.

ஆண்டுச் சீட்டு எல்லோருக்கும் வீண் என்று நான் சொல்ல வரவில்லை. பூங்காவுக்கு அருகில் வசிப்பவர்களுக்கும், துபாயிலும் சிங்கப்பூரிலும் மாதந்தோறும் பிள்ளைகளை இத்தகைய இடங்களுக்கு அழைத்துச் செல்லும் நம் சகோதரர்களுக்கும் அது உண்மையான சிக்கனமாகவே இருக்கலாம். வாங்கும் முன் சிலவற்றைத் தாளில் எழுதிப் பாருங்கள். சென்ற ஆண்டு நீங்கள் உண்மையில் எத்தனை முறை போனீர்கள்? வரும் ஆண்டில் குடும்பம் முழுவதற்கும் பொதுவான விடுமுறை எத்தனை? சீட்டில் அடங்காத செலவு எவ்வளவு? அதன் நிபந்தனைகளை ஒன்றுவிடாமல் காக்க உங்களால் முடியுமா? கடைசிக் கேள்விக்கு விடை எழுதும்போது பிள்ளைகளையும் அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.

பயன்படுத்தாத அந்தச் சீட்டு இன்னும் என் குர்ஆன் விரிவுரை நூலுக்குள் இருக்கிறது. 83ஆம் அத்தியாயத்தை அடுத்த வகுப்புக்கு நடத்தும்போது, இன்ஷா அல்லாஹ், அந்த எடுத்துக்காட்டையும் சேர்த்துச் சொல்வேன்.

வஸ்ஸலாம்.