கொழுந்து குறையும் மாதம்

திங்கள், ஊட்டி

ஜனவரி. விடியும்போது தலைக்குந்தாப் புல்வெளி உப்பு கொட்டியதுபோல் வெளுத்துக் கிடக்கிறது. சுற்றுலா வந்தவர்கள் அந்த உறைபனியை உள்ளங்கையில் அள்ளிப் படம் பிடிக்கிறார்கள். தேயிலை வைத்திருப்பவர்களுக்கு அது வேறு கணக்கு. பனி பட்ட கொழுந்து வெயில் ஏறியதும் கருகும். ஏப்ரல் மழைக்குப் பிறகுதான் செடி மறுபடி துளிர்த்துத் தள்ளும். அதுவரை இலையும் குறைவு, வேலை நாளும் குறைவு.

இந்த இடைவெளியில் ஒரு கைத்தொழில் பழகி நாலு காசு பார்க்கலாம் என்று மலையில் எல்லோரும் சொல்கிறார்கள். எந்தத் தொழில், யாரிடம் பழகுவது, செய்ததை யார் வாங்குவது, கடைசியில் மணிக்கு எவ்வளவு கையில் நிற்கும் என்று கேட்டால்தான் பேச்சு மழுப்பலாகிவிடுகிறது.

செவ்வாய், ஊட்டி

1848இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவின் மேட்டில் தோடர் பழங்குடியினரின் குடியிருப்பான மந்து ஒன்று இருக்கிறது. பூங்காவுக்கு வருபவர்கள் மூச்சு வாங்கியபடி அங்கேயும் ஏறுகிறார்கள். வெயில் விழும் இடமாகப் பார்த்துப் பெண்கள் உட்கார்ந்து தைக்கிறார்கள்.

துணி கெட்டியான வெள்ளைப் பருத்தி. நூல் சிவப்பு, கறுப்பு. துணியில் பென்சில் கோடு கிடையாது, சட்டமும் கிடையாது. இழைகளை விரலால் தடவி எண்ணி ஊசியை விடுகிறார்கள். இத்தனை இழை தாண்டு, இத்தனை இழை எடு. ஓர் இழை தப்பினால் கோலம் சாய்ந்துவிடும், அந்த வரிசையைப் பிரித்துத்தான் ஆகவேண்டும். ஒவ்வொரு தையலிலும் நூலை இறுக்கி இழுக்காமல் சிறு வளையமாக விடுவதால், முடிந்த வேலை தொட்டால் புடைத்துத் தெரிகிறது. முதலில் பார்ப்பவருக்கு நெய்த துணி என்றே தோன்றும். எருமைக்கொம்பு உட்பட உருவங்கள் எல்லாம் மனப்பாடம். தாயின் பக்கத்தில் உட்கார்ந்து மகள் பழகியவை.

இந்த வேலைப்பாட்டுக்கு அவர்கள் மொழியில் புகூர் என்று பெயர். போர்த்தும் சால்வை பூத்துக்குளி. சடங்குக்கும், இறந்தவரைப் போர்த்தவும் அதுதான். 1906இல் தோடர்களைப் பற்றி டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் தடித்த புத்தகம் எழுதிய காலத்தில் இதை யாரும் உபரி வருமானம் என்று நினைத்திருக்க மாட்டார்கள். இப்போது மேசை விரிப்பு, கைப்பை, செல்போன் உறை வரை தைக்கிறார்கள். சிறிய பொருள் சீக்கிரம் முடியும், சீக்கிரம் விற்கும். முழுச் சால்வைக்கு வாரக்கணக்கு. வேலைப்பாடு கூடினால் மாதக்கணக்கு. சமையல், பிள்ளைகள் போக மிச்சமுள்ள நேரத்தில், கண் தெரியும் வெளிச்சம் இருக்கும்வரை.

சால்வை ஒன்றைப் புரட்டிப் பார்த்த சமவெளிப் பெண் கேட்கிறார்: “அக்கா, கொஞ்சம் குறைச்சுக் கொடுங்க. ரெண்டா எடுத்துக்கறோம்.”

“ரெண்டு எடுத்தா எனக்கு வேலை ரெண்டு மடங்குதானே கண்ணு?”

மொத்தமாக வாங்கினால் விலை குறையவேண்டும் என்பது ஆலைச் சரக்குக்குப் பொருந்தும். இங்கே இரண்டாவது சால்வைக்கும் அதே இழைகள், அதே எண்ணிக்கை.

தோடர் பூவேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தோடர் நலவாழ்வு சங்கம், கோத்தகிரியின் கீஸ்டோன் அறக்கட்டளை, அரசின் பூம்புகார் கைவினை நிறுவனம் மூன்றும் அதற்கு முயன்றவை. பெயரை வேறு யாரும் போட்டுக்கொள்ளக்கூடாது என்பது சட்டம். ஆனால் அதே சிவப்பு-கறுப்புக் கோலத்தை இயந்திரத்தில் அடித்து மலிவாக விற்பவர்களும் இருக்கிறார்கள். அவசரத்தில் வாங்குபவருக்கு வித்தியாசம் தெரிவதில்லை. துணியைத் திருப்பி, பின்பக்கத்தையும் பார்த்து வாங்கினால் போதும், அதற்கு அரை நிமிடம் ஆகும்.

இந்தத் தொழில் ஊரில் எல்லோரும் பழகக்கூடியதும் அல்ல. அது தோடர்களுடையது.

புதன், கோத்தகிரி

1993இல் உருவான கீஸ்டோனின் ஊர் இது. குறும்பர்கள் பாறையில் எடுக்கும் தேனின் அடை முன்பெல்லாம் மலிவாகக் கைமாறியது. இப்போது அந்த அடையின் மெழுகு மெழுகுவர்த்தியாகவும் சோப்பின் கூட்டாகவும் மாறுகிறது. பழங்குடியினரே பங்குதாரர்களாக உள்ள ஆதிமலை உற்பத்தியாளர் நிறுவனம் 2013இல் தொடங்கியது. வேலை கற்பதைவிட விற்கும் இடத்தைத் தங்கள் பெயரில் வைத்துக்கொள்வது கடினம். அதைச் செய்திருக்கிறார்கள்.

வியாழன், குன்னூர்

தேயிலை ஏல நாள். ஏலம் இப்போது கணினியில் நடக்கிறது. இங்கே விழும் விலைதான் கடைசியில் பசுந்தேயிலை விலையாகத் தோட்டத்துக்குத் திரும்புகிறது. கிலோவுக்கு 33.50 ரூபாய் குறைந்தபட்ச விலை கேட்டு 2023 செப்டம்பரில் படுகர் சிறு விவசாயிகள் கோத்தகிரிப் பக்கம் தொடர் உண்ணாவிரதம் இருந்தார்கள். தூள் ஒரு கிலோ ஆக இலை நான்கு கிலோவுக்கு மேல் வேண்டும். அந்த விலையை நம்பி இருக்கமுடியாதவர்கள் பக்கத் தொழில் தேடுவதில் ஆச்சரியமில்லை.

தேடினால் முதலில் கிடைப்பது தையல். பயிற்சி உண்டு, சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் அரசு இலவச இயந்திரமும் கொடுக்கிறது. நல்ல திட்டம்தான். ஆனால் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான ஒரு லயனில் நாலு வீட்டில் இயந்திரம் ஓடினால், அந்த லயனின் ஜாக்கெட்டுகள் நாலாகப் பங்கு போகும். நைட்டியும் சுடிதாரும் ரெடிமேடாகவே வந்துவிடுகின்றன. மிஞ்சுவது சேலைக்கு ஃபால்ஸ் வைப்பது, ஓரம் அடிப்பது, கிழிசல் தைப்பது. தீபாவளிக்கு முன்னால் தூக்கம் இருக்காது, பிறகு இயந்திரத்துக்கு உறை போட்டு வைக்கலாம். அளவெடுத்து, கழுத்து சரியாக வெட்டி, பிடிக்காமல் தைக்கத் தெரிந்த ஒருத்திக்கு மட்டும் பக்கத்து எஸ்டேட்டிலிருந்தும் துணி வரும். இயந்திரம் கொடுப்பதோடு நிறுத்தாமல் வெட்டும் கையைத் தேற்றும் பயிற்சியை நீட்டித்தால் என்ன என்று கேட்கத் தோன்றுகிறது.

சனி, கூடலூர்

இங்கே கற்ற தொழில் யாருக்கும் பரம்பரையில்லை. வேலிக்கும் அழகுக்கும் என்று வெள்ளைக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவுக்குக் கொண்டுவந்த உண்ணிச்செடி முதுமலைக் காட்டில் புதராக அடர்ந்து புல்லை விழுங்கிவிட்டது. புலி நடமாடும் இந்தியக் காடுகளில் 40 விழுக்காட்டுக்கு மேல் அது பரவியிருப்பதாக 2020இல் ஓர் ஆய்வு வெளியானது. வெட்டினாலும் முளைக்கும். வெட்டியதை என்ன செய்வது?

யானை செய்தார்கள். குச்சியை வெந்நீரில் வேகவைத்தால் பட்டை உரியும், குச்சியும் வளையும். சூடு ஆறுவதற்குள் இரும்புக் கம்பிச் சட்டத்தின்மேல் வளைத்துப் பொருத்தவேண்டும். நெற்றி மேடு, காது மடல், தும்பிக்கைச் சுருக்கம் என்று குச்சியின் தடிமன் இடத்துக்கு இடம் மாறும். பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோளகர் சமூகங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 200 பேர் ரியல் எலிஃபன்ட் கலெக்டிவ் என்ற அமைப்பின்கீழ் இதைப் பழகினார்கள். கூடலூர்த் தேயிலைத் தோட்டங்களுக்குள் நடமாடும் நிஜ யானைகளே மாதிரி. எந்த யானைக்குக் காது எப்படி மடங்கும் என்று செய்பவர்களுக்கு நேரிலேயே தெரியும். அதற்குத் தனிப் பயிற்சி தேவைப்படவில்லை.

அந்த யானைகள் 2021இல் லண்டன் பூங்காக்களில் நின்றன. 2024 ஜூலையில் 100 யானைகள் அமெரிக்காவின் நியூபோர்ட்டில் இறங்கின, செப்டம்பரில் நியூயார்க் தெருவுக்குப் போயின.

இந்தப் பட்டியலில் வேலையின் மணிநேரத்தை விலைக்குள் சேர்த்து விற்றது இது ஒன்றுதான் என்று சொல்லலாம்: வாங்கியவருக்கு அது யானை, செய்தவருக்கு மாதக்கணக்கில் நாட்கூலி. இதே குச்சியில் நாற்காலியும் சோபாவும் பின்னலாம். ஆனால் நாற்காலியின் வாடிக்கையாளர் நியூயார்க்கில் இல்லை, கோயம்புத்தூரில் இருக்கிறார். அவர் கையில் ஏற்கெனவே பிரம்பு நாற்காலியின் விலையும் பிளாஸ்டிக் நாற்காலியின் விலையும் இருக்கின்றன.