மச்சக்காரி

அதிர்ஷ்டசாலியை "மச்சக்காரன்" என்று சொல்வது தமிழ்நாட்டு வழக்கம். ஒருவனுக்கு எதிர்பாராமல் நல்ல உத்தியோகம் கிடைத்துவிட்டால், "அவனுக்கு உடம்பெல்லாம் மச்சம் ஐயா!" என்று பெருமூச்சு விடுகிறோம். பள்ளிக்கூடத்துச் சர்ட்டிபிகேட்டில் 'அங்க அடையாளம்' என்ற இடத்துக்கு வந்ததும், வாத்தியார் நம்மை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து ஒரு மச்சத்தைக் கண்டுபிடித்தால்தான் அவருக்கு நிம்மதி. இத்தனை மரியாதைக்குரிய மச்சத்தைத்தான், கல்யாணம் நிச்சயமானதும் முதல் வேலையாக வெளியேற்றப் பார்க்கிறோம்!

மரக்காணத்தில் ஒரு பெண் அப்படித்தான் புறப்பட்டாள். உப்பளங்களைப் பற்றி எழுதுவதற்காகச் சென்ற சித்திரையில் நான் அங்கே போயிருந்தேன். கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் அந்த வெள்ளைக் குவியல்களைப் பார்த்திருப்பீர்கள். காரிலிருந்து பார்க்க அழகுதான். பாத்தி ஓரத்தில் கால் மணி நேரம் நின்று பார்த்தால் தெரியும், தலைக்கு மேலே ஒரு சூரியன், உப்பில் பட்டுத் திரும்பும் இன்னொரு சூரியன் என்று இரண்டு காய்கின்றன. அதற்கு நடுவே வெறுங்காலுடன் உப்பு நீரில் நின்று வாருகிறார்கள், சுமக்கிறார்கள்.

அப்படிச் சுமக்கும் ஓர் அம்மாளின் மகள் அந்தப் பெண். பி.காம். படித்தவள். ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டு அத்தை ஒருத்தி போட்டோவைப் பார்த்து, "மேலுதட்டிலே என்ன அது, ஈ உட்கார்ந்த மாதிரி?" என்று கேட்டுவிட்டாளாம். அன்றிலிருந்து பெண்ணுக்குத் தூக்கமில்லை. டவுனில் ஓர் அழகு நிலையத்தில் விசாரித்திருக்கிறாள். "அஞ்சு நிமிஷம், லேசரில் எடுத்துவிடலாம்" என்றார்களாம்.

"லேசர்னா தழும்பே விழாதாமே, நெஜமா சார்?" என்று என்னைக் கேட்டாள். பத்திரிகைக்காரனுக்கு எல்லாம் தெரியும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. நான் பதில் யோசிப்பதற்குள் தாயார் சிரித்துக்கொண்டே, "அப்படியே என் குதிகால்ல இருக்கறதையும் எடுத்துடச் சொல்லு தம்பி. ரெண்டு வருசமா பெருசாயிட்டே போவுது. சுண்ணாம்பு கூட வெச்சுப் பாத்துட்டேன்" என்று காலைத் தூக்கிக் காட்டினாள்.

சுண்டைக்காயை விடப் பெரிதாக ஒரு கறுப்பு. ஒற்றுத்தாளில் மை ஊறியது போல ஓரமெல்லாம் தாறுமாறு. ஒரு பக்கம் கருமை, மறு பக்கம் பழுப்பு. "வலிக்குதா?" என்றேன். "வலியே இல்ல தம்பி" என்றாள், அதுவே ஒரு நல்ல சேதி மாதிரி.

புதுச்சேரியில் எனக்குத் தெரிந்த தோல் நோய் டாக்டர் அம்மாள் ஒருவர் உண்டு. தாயையும் மகளையும் மறுநாளே அவரிடம் அழைத்துப் போனேன். லேசர் என்றதும் அவர் ஒரு குட்டிப் பிரசங்கமே செய்துவிட்டார். 1960-ல் அமெரிக்காவில் மைமன் என்பவர் முதல் லேசரை உண்டாக்கினார். இன்று மச்சம் எடுக்கப் பலரும் உபயோகிக்கும் கார்பன் டை ஆக்ஸைடு லேசரை 1964-ல் கண்டுபிடித்தவர் நம் நாட்டில், மகாராஷ்டிரத்துப் பாராமதியில் பிறந்த குமார் படேல். அந்த ஒளியை நம் தசையில் உள்ள தண்ணீர் உறிஞ்சிக்கொள்கிறது. மறுகணம் கொதித்து, தசையும் சேர்ந்து ஆவியாகிவிடுகிறது.

"சரி, ஆவியாகிப் போனதை எந்த மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பது?" என்றார் டாக்டர்.

சங்கதி அதுதான். மச்சங்களில் பெரும்பாலானவை பரம சாது. ஆனால் இரண்டு பாதியும் ஒன்றுபோல் இல்லாதது, ஓரம் கிழிந்தது, பல நிறம் காட்டுவது, 6 மில்லிமீட்டருக்கு மேல் அகன்றது, எல்லாவற்றுக்கும் மேலாக வளர்ந்துகொண்டே போவது, இவற்றைக் கண்டால் டாக்டர்கள் கத்தியால் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்களே தவிரச் சுட மாட்டார்கள். சுட்டுவிட்டால் மேலே ஆறிவிடும். அடியில் மெலனோமா என்ற புற்றுநோய் மிச்சமிருந்தாலும் யாருக்கும் தெரியாது. வெள்ளைக்காரர்களைவிட நமக்கு அது மிகவும் குறைவுதான். ஆனால் வரும்போது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று யாரும் பார்க்காத இடமாகப் பார்த்து வருகிறது. ஜமைக்காவின் பாடகர் பாப் மார்லிக்குக் கால் விரலில் வந்தது. பந்தாட்டத்தில் பட்ட அடி என்றே முதலில் நினைத்தார்கள். 1977-ல் இன்னதென்று தெரிந்தது. 1981-ல் 36 வயதில் போய்விட்டார்.

மகளின் மச்சத்தைத் தோலுக்கென்றே உள்ள பூதக்கண்ணாடியால் பார்த்துவிட்டு, "சின்ன வயசிலிருந்து அப்படியே இருக்கிறது, பயமில்லை" என்றார். அப்புறம் அவளுடைய காது குத்திய இடத்தைத் தடவிப் பார்த்தார். அங்கே தழும்பு மேடிட்டிருந்தால் உதட்டிலும் மேடிடலாமாம்! நல்லவேளை, இல்லை. ஆனாலும் நம் மாநிறத் தோலில் சுட்ட இடம் கறுக்கலாம், வெளுக்கலாம், பள்ளம் விழலாம். வேர் ஆழமாக இருந்தால் மச்சம் மறுபடி தலைகாட்டவும் கூடும். சுட்ட பிறகு வாரக் கணக்கில் வெயில் படக் கூடாது. லீவு நாளில் உப்பளத்தில் நிற்கிற பெண்ணுக்கு இது நடக்கிற காரியமா? "எடுத்தே தீர வேண்டுமென்றால் மழைக்காலத்தில் வா, பாத்திகளும் மூடியிருக்கும். கல்யாணத்துக்கு முன்னால் மட்டும் வேண்டாம்" என்றார்.

பிறகு தாயாரின் குதிகாலைப் பார்த்தார். அதற்கப்புறம் அவர் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். மரக்காணத்துக்காரர்களுக்கு ஒரு சௌகரியம், புதுச்சேரியிலேயே ஜிப்மர் இருக்கிறது.

பரிசோதனைத் தாள் வந்தது. சந்தேகப்பட்டது சரிதான். ஆனால் இந்த நோயில் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதே பெரிய கேள்வி. மில்லிமீட்டர் கணக்கில் அதை அளந்துதான் மேற்கொண்டு வைத்தியம். சுண்ணாம்பு தின்றது போக அளப்பதற்கு மிச்சமிருந்தது. அதிக ஆழமில்லை. சுற்றிலும் அகலமாக வெட்டி, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். அந்தப் பருவத்துக் கூலி முழுவதும் போயிற்று.

ஆவணிக் கல்யாணம் மச்சத்தோடு நடந்தது. தாயார் கட்டுப்போட்ட காலுடன் நாற்காலியில் உட்கார்ந்து எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்தாள். அத்தைக்காரி உதட்டைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை, அந்தக் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தையில் பாத்தி திறந்தால், இறங்க வேண்டாம், உட்கார்ந்து மூட்டை தைக்கலாம் என்று மேஸ்திரி சொல்லியிருக்கிறாராம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பஸ் ஏறிப் புதுச்சேரிக்குப் போகிறாள். "ஒரு காலுக்குத்தானே வியாதி? ரெண்டு காலு, கையி, நகம் எல்லாத்தையும் தொறந்து தொறந்து பாக்கறாங்க தம்பி" என்று போனில் குறைபட்டுக்கொண்டாள்.