அழிக்கும் முன் கேட்போம்

கைபேசி அடிக்கடி உறைந்து நின்றால், ஃபேக்டரி ரீசெட் செய்யுமாறு பலரும் கூறுவர். அது பழுதோடு, உள்நினைவகத்தில் நாம் சேமித்த யாவற்றையும் அழித்துவிடும். உம்மாவின் கைபேசியில் மறைந்த வாப்பாவின் குரல்பதிவுகள் இருந்தன. எனவே முதலில் சேஃப் மோடில் இயக்கிப் பார்த்தோம். நாமாக நிறுவிய செயலிகள் அதில் இயங்கா. ஆயினும் கோளாறு நீடித்தது. ரீசெட்டைத் தவிர வேறு வழி தெரியவில்லை. வாட்ஸ்அப் உரையாடல்களைக் கூகுள் கணக்கில் சேமித்தோம். குரல்பதிவுகளைக் கணினியில் தனியே படியெடுத்து, ஒவ்வொன்றும் ஒலிக்கிறதா எனக் கேட்டறிந்தோம். கடவுச்சொல்லையும் சரிபார்த்தோம். வாப்பாவின் ஸலாமை மீண்டும் கேட்ட பின்னரே உம்மா சம்மதித்தார்கள். பழுது எது, பொக்கிஷம் எது என்பதைக் கருவி அறியாது. வீட்டுப் பெரியோரின் கைபேசியில் காக்க வேண்டியது என்னவென்று அவர்களிடமே முதலில் கேட்போம்.