வந்தவரை நிற்க வைக்காதே

வாடகை வீட்டில் நாற்காலிகளை வாங்கிக் குவிக்காதே, கண்ணு. நாலு நாற்காலி போட்டால் நடக்க வழி இருக்காது; ஐந்தாவது ஆள் வந்தால் அவர் நிற்கத்தான் வேண்டும். எங்கள் காலத்தில் பனையோலைத் தடுக்கும் கோரைப்பாயும் சுவரோரம் சாய்ந்திருக்கும். ஆள் வந்தால் விரிப்போம், போனதும் எடுத்து வைப்போம். அந்த வேலையைப் பெரிய குஷன்கள் செய்யும். அவற்றை நீயே தைத்துக்கொள். பீரோவின் அடித்தட்டில் கிடக்கும் துணியே போதும்.

தாத்தாவின் லுங்கி, அம்மாவின் சுங்குடி, உன் பள்ளிச் சீருடை, தையல்கடையில் மூட்டை கட்டி வைத்திருக்கும் வெட்டுத்துணி, எல்லாமே ஆகும். பனியன் துணி மட்டும் வேண்டாம்; இழுபட்டு வடிவம் கெடும். எதுவானாலும் முதலில் துவைத்துக் காயவை. பருத்தி சுருங்கும், சிவப்பு சாயம் விடும். பிறகு 7 இஞ்ச் சதுரமாக 16 துண்டு வெட்டு. தையலுக்குப் பக்கத்துக்கு அரை இஞ்ச் போனால் ஒவ்வொன்றும் 6 இஞ்ச் நிற்கும். வரிசைக்கு நான்கு, நான்கு வரிசை. 24 இஞ்ச் சதுரம் கிடைக்கும். ஒவ்வொரு தையலையும் இஸ்திரி போட்டுப் படியவைத்த பிறகே அடுத்ததை இணை. இதில் அவசரப்பட்டால் நாலு துண்டு சேரும் மூலைகள் ஒன்றோடொன்று பொருந்தாது.

நைந்த பருத்தியைப் புதிய கெட்டித் துணியோடு நேராக இணைக்கக் கூடாது. உட்காரும் கனத்தில் கெட்டித் துணி அசையாது. நைந்தது தையல் ஓரத்திலேயே கிழியும். அதற்காக அதைத் தூக்கி எறியவும் வேண்டாம். அதே அளவில் பழைய வேட்டித் துண்டை அடியில் கொடுத்து, சுற்றிலும் ஓட்டுத் தையல் போட்டு, பிறகு சேர். குடும்பத்திலும் அப்படித்தான். வேலை போன தம்பி, மணவாழ்க்கை முறிந்து திரும்பிய அக்கா, இவர்களை நன்றாக இருப்பவர்களோடு நிறுத்தி “நீயும் சமாளி” என்றால் கிழிந்துபோவார்கள். அடியில் நின்று தாங்க ஒருவர் வேண்டும். அந்த ஆளாக நீ இரு.

உள்ளே போட இலவம் பஞ்சு நல்லது. போடிநாயக்கனூர் பக்கத்துப் பஞ்சுக்குப் பெயர் உண்டு. கொட்டை நீக்கியதாகப் பார்த்து வாங்கு. நெருக்கமாக நெய்த துணியில் தனியாக ஓர் உள்ளுறை தைத்து அதில் அடை. இல்லாவிட்டால் பஞ்சு வீடெல்லாம் பறக்கும். மேலுறைக்கு ஜிப் வைத்தால் கழற்றித் துவைக்கலாம். உட்கார உட்காரப் பஞ்சு அமுங்கும், அதனால் மூலை வரை திணித்து அடை.

பெரியவருக்கு நாற்காலி, வேலைக்கு வந்தவருக்கு வாசற்படி என்று வைத்திருந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த வழக்கம் உன் வீட்டுக்குள் வர வேண்டாம். பாத்திரம் தேய்க்க வரும் அக்காவும், கேஸ் சிலிண்டர் தூக்கி வரும் தம்பியும், உன் மேலதிகாரியும் அதே குஷனில்தான் உட்கார வேண்டும். முட்டி மடங்காதவர்களுக்கு மட்டும் கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்று இருக்கட்டும். அவர்களைத் தரையில் உட்காரச் சொன்னால் எழுந்திருக்க முடியாமல் கூசிப்போவார்கள்.

நல்ல வெயில் அடிக்கும் நாளில் குஷன்களை உள்ளுறையோடு மாடியில் போட்டு, இருபுறமும் தட்டிப் புரட்டு. அமுங்கிய பஞ்சு உப்பி வரும். மழைக்காலத்தில் தரையில் அடுக்கி வைக்காதே, ஓதம் ஏறும். கட்டில் மேலோ பரண் மேலோ ஏற்றிவிடு.